கலப்படத்தை எதிர்த்த வேதியியலாளர்: ஹார்வி வைலி

1902ஆம் ஆண்டின் கடைசி வாரங்கள். வாஷிங்டன் நகரில், அமெரிக்க விவசாயத் துறையின் வேதியியல் பிரிவு இயங்கிய கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு சாப்பாட்டு அறை. மேசைகளைச் சுற்றி 12 இளையர்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரின் எடையும் உடல் வெப்பமும் நாடித் துடிப்பும் சாப்பாட்டுக்கு முன்பே குறித்துக்கொள்ளப்பட்டன. இறைச்சி, ரொட்டி, பால், காப்பி என எல்லாமே தரமானவை. ஆனால், அவற்றில் ஏதோ ஒன்றில் வெண்காரம் கலந்திருக்கிறது. போராக்ஸ் என்று நாம் அறிந்த அதே பொருள்தான். அது கலந்திருப்பது அந்த இளையர்களுக்குத் தெரியும். எந்தப் பண்டத்தில் என்பதுதான் தெரியாது.

தெரிந்தே நஞ்சை உண்ண முன்வந்த அந்தத் தொண்டூழியர்களை ஒன்றுதிரட்டியவர் ஹார்வி வாஷிங்டன் வைலி. இன்று நாம் ஒரு பொட்டலத்தைத் திருப்பி, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று படிக்கிறோம். அப்படிப் படிக்கும் உரிமைக்காக வாழ்நாளில் பாதியைச் செலவிட்ட மனிதர் அவர். உணவு தானாகக் கெட்டுப்போவது ஒன்று. லாபத்துக்காக ஒருவர் தெரிந்தே அதைக் கெடுப்பது வேறு. வைலியின் போராட்டம் இந்த இரண்டாவது வகைக்கு எதிரானது.

பண்ணை வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு

வைலி 1844ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி, இண்டியானா மாநிலத்தில் ஒரு சிறிய பண்ணையில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீட்டில் பிறந்தார். தந்தை பிரஸ்டன் வைலி விவசாயி. சமயப் போதகராகவும் இருந்தவர். அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்த அவர், தென் மாநிலங்களிலிருந்து தப்பி வந்தவர்கள் வடக்கே செல்ல உதவினார். ஊரார் என்ன நினைத்தாலும் தமக்குச் சரியென்று பட்டதைச் செய்யும் துணிவை மகன் வீட்டிலேயே கற்றுக்கொண்டார்.

ஹனோவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது உள்நாட்டுப் போர் நடந்தது. 1864இல் சில மாதங்கள் வடதரப்புப் படையில் பணியாற்றிவிட்டுத் திரும்பி வந்து 1867இல் பட்டம் பெற்றார். 1871இல் மருத்துவப் பட்டமும் 1873இல் ஹார்வர்டில் அறிவியல் பட்டமும் அவருக்குக் கிடைத்தன. மருத்துவம் படித்தும் அவர் அதைத் தொழிலாகக் கொள்ளவில்லை. அவரது மனம் வேதியியலில்தான் இருந்தது. 1874இல் புதிதாகத் திறக்கப்பட்ட பர்டியூ பல்கலைக்கழகத்தில் முதல் வேதியியல் பேராசிரியரானார்.

மாணவர்களுடன் பேஸ்பால் ஆடுவார். பெரிய முன்சக்கரம் கொண்ட அந்தக் காலத்து சைக்கிளில் ஊரைச் சுற்றுவார். ஒரு பேராசிரியர் இப்படி நடந்துகொள்ளலாமா என்று பல்கலைக்கழக நிர்வாகக் குழு அவரை அழைத்துக் கண்டித்தது. அவர் உடனே பதவி விலகல் கடிதத்தை நீட்ட, நிர்வாகம் அதை ஏற்க மறுத்துவிட்டது. மேலதிகாரிகளுடன் அவருக்கு நேர்ந்த பல மோதல்களுக்கு இது ஒரு சிறிய முன்னோட்டம் எனலாம்.

சர்க்கரைப் பாகு சொன்ன உண்மை

1878இல் வைலி ஜெர்மனிக்குச் சென்றார். பெர்லினில் உணவைச் சோதிக்கும் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவியைக் கையாளக் கற்றுக்கொண்டார். ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் சர்க்கரைக் கரைசலின் ஊடாகச் செலுத்தினால் அந்தத் தளம் சற்றுத் திரும்பும். எந்தச் சர்க்கரை, எவ்வளவு செறிவு என்பதைப் பொறுத்து அது திரும்பும் அளவு மாறும். நாக்கு ஏமாந்தாலும் இந்தக் கருவி ஏமாறாது.

நாடு திரும்பியதும் இண்டியானா கடைகளில் விற்ற சர்க்கரைப் பாகுகளைச் சோதித்தார். அவற்றுள் பல, சோளமாவிலிருந்து மலிவாகத் தயாரித்த குளுக்கோஸ் கலந்தவை. சோளப் பாகு நஞ்சு அல்ல. அதைச் சோளப் பாகு என்றே சொல்லி விற்றால் தமக்கு மறுப்பில்லை என்பது வைலியின் நிலை. வேறு பெயரில் விற்பதே குற்றம் என்றார். உடலுக்குத் தீங்கு ஒரு கேள்வி, ஏமாற்றுவது இன்னொரு கேள்வி என்று அவர் அப்போதே பிரித்துப் பார்த்தார்.

1883இல் அவர் விவசாயத் துறையின் தலைமை வேதியியலாளர் ஆனார். மறு ஆண்டே, விவசாயத்துறை வேதியியலாளர்களுக்கான சங்கம் ஒன்றை அமைப்பதில் முன்னின்றார். ஒரே மாதிரியை மூன்று ஆய்வுக்கூடங்கள் மூன்று விதமாகச் சோதித்து மூன்று முடிவுகளைச் சொன்னால், நீதிமன்றத்தில் தப்பிப்பவர் கலப்படக்காரர்தான். எல்லாரும் ஏற்கும் சோதனை முறைகள் வேண்டும் என்பதே அந்தச் சங்கத்தின் நோக்கம். அது இன்றும் இயங்குகிறது. அதன் முறைகளை உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் பின்பற்றுகின்றன.

மிளகில் சிரட்டைத் தூள், பாலில் ஃபார்மால்டிஹைட்

1887இல் தொடங்கி 1902 வரை, வைலியின் குழு உணவுக் கலப்படம் குறித்துப் பத்துப் பகுதிகளாக அறிக்கை வெளியிட்டது. பால், மசாலைப் பொருள்கள், காப்பி, தேயிலை, கலன்களில் அடைத்த காய்கறி என ஒவ்வொன்றையும் அது அலசியது. அரைத்த மிளகில் தேங்காய்ச் சிரட்டைத் தூள் இருந்தது. பாலில் தண்ணீர் கலந்திருந்தது. கலனில் அடைத்த பட்டாணி பச்சையாகத் தெரிவதற்காகத் தாமிர உப்பு சேர்க்கப்பட்டிருந்தது.

கலப்படம் ஏன் அந்தக் காலத்தில் இவ்வளவு பெருகியது? அதுவரை பெரும்பாலோர் தெரிந்த பண்ணையில் பால் வாங்கினார்கள். தெரிந்த கடையில் இறைச்சி வாங்கினார்கள். நகரங்கள் வளர்ந்தபோது உணவு ரயிலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்தது. குளிர்சாதன வசதியோ இன்றுபோல் பரவலாக இல்லை. கெடாமல் கொண்டுசேர்க்க எளிய வழி வேதிப்பொருள்தான். பாலில் ஃபார்மால்டிஹைட், இறைச்சியிலும் வெண்ணெயிலும் வெண்காரம் என்று சேர்க்கத் தொடங்கினார்கள்.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. கெட்ட பாலை நாம் எப்படி அறிகிறோம்? மூக்கால், நாக்கால். கெட்டுப்போவதன் அடையாளங்களையே மறைத்துவிட்டால் மனிதனுக்கு இயற்கை தந்த காவல் போய்விடும். வீட்டுச் சமையலறையில் நிற்கும் தாய் என்னதான் கவனமாக இருந்தாலும் அந்தப் பாலைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே, அரசாங்கமும் ஆய்வுக்கூடமும் அவருடைய மூக்காக மாற வேண்டியிருந்தது.

நச்சுப் படை

உற்பத்தியாளர்கள் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: சிறிதளவு வெண்காரத்தால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஆகிறது என்றால் அரசாங்கம் நிரூபிக்கட்டும். நிரூபிக்க வைலியிடம் ஆதாரம் இல்லை. ஏனெனில், அதுவரை யாரும் முறையாகச் சோதித்ததே இல்லை.

1902இல் நாடாளுமன்றம் இதற்காக 5,000 டாலர் ஒதுக்கியது. விவசாயத் துறையில் வேலை பார்த்த இளையர்களே பெரும்பாலும் தொண்டூழியர்களாகச் சேர்ந்தார்கள். அவர்களுக்கு மூன்று வேளையும் இலவசச் சாப்பாடு. கூடுதல் சம்பளம் இல்லை. வெளியே ஒரு வாய்கூடச் சாப்பிடக்கூடாது. உடல்நலம் கெட்டால் அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுப்பதில்லை என்றும் எழுதிக்கொடுக்க வேண்டும். அவர்களின் சிறுநீரும் மலமும்கூடச் சேகரித்துச் சோதிக்கப்பட்டன.

முதலில் சில நாள்களுக்குச் சுத்தமான உணவு. ஒவ்வொருவரின் இயல்பான எடையும் உடல்நிலையும் அதில் தெரிந்துவிடும். பிறகு வேதிப்பொருள் சேர்த்த உணவு. அதன்பின் மீண்டும் சுத்தமான உணவு. முதல் சோதனைப் பொருள் வெண்காரம். அதை வெண்ணெயில் ஒளித்து வைத்தார்கள். இளையர்கள் விரைவிலேயே வெண்ணெயைத் தொடுவதை நிறுத்திவிட்டார்கள். பாலுக்கும் காப்பிக்கும் இறைச்சிக்கும் மாற்றிப் பார்த்தபோதும் அதே கதைதான். கடைசியில் ஒளித்து வைப்பதை விட்டுவிட்டு, வெண்காரத்தை மாத்திரை உறைகளில் போட்டு வெளிப்படையாகவே விழுங்கச் செய்தார் வைலி.

இந்த விவரம் வாஷிங்டன் செய்தியாளர் ஒருவருக்குக் கிடைத்தது. அந்தக் குழுவுக்கு நச்சுப் படை என்ற பெயர் நாளிதழ்களில் நிலைத்தது. பாட்டுகளும் கேலிகளும் எழுந்தன. அறிவியல் ஆய்வு வேடிக்கையாகிறதே என்று வைலி முதலில் வருந்தினார். ஆனால், நாடு முழுவதும் மக்கள் சாப்பாட்டு மேசையில் வெண்காரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதைக் கண்டபோது, அந்தப் பெயரின் பயனைப் புரிந்துகொண்டார்.

வெண்காரம் பற்றிய அறிக்கை 1904இல் வந்தது. தொடர்ந்து உட்கொண்டவர்களுக்குப் பசி குறைந்தது. தலைவலியும் வயிற்று உபாதையும் வந்தன. அளவு கூடியபோது சிலரால் வேலையே செய்ய முடியவில்லை. அடுத்தடுத்து சாலிசிலிக் அமிலம், சல்ஃபைட்டுகள், பென்சோயேட்டுகள், ஃபார்மால்டிஹைட் ஆகியவையும் சோதிக்கப்பட்டன.

1906, ஜூன் 30

ஆய்வறிக்கைகளால் மட்டும் சட்டம் வந்துவிடவில்லை. பல ஆண்டுகளாகவே உணவுச் சட்ட மசோதாக்கள் நாடாளுமன்றத்துக்கு வருவதும் தோற்பதுமாக இருந்தன. வைலி ஊர் ஊராகச் சென்று பேசினார். வாக்குரிமைகூட இல்லாத அன்றைய பெண்கள், தங்கள் சங்கங்களின் மூலம் இந்தப் போராட்டத்தை வீடுகளுக்குள் கொண்டு சென்றார்கள். நியூ ஜெர்சியைச் சேர்ந்த அலிஸ் லேக்கி அவர்களில் முக்கியமானவர். 1904இல் செயின்ட் லூயிஸ் நகரின் உலகக் கண்காட்சியில், மாநில வேதியியலாளர்கள் கலப்பட உணவுப் பொருள்களை வரிசையாகக் காட்சிக்கு வைத்தார்கள். உணவிலிருந்து பிரித்தெடுத்த சாயத்தைக் கொண்டு பட்டுத் துணியையும் கம்பளியையும் தோய்த்துக் காட்டினார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

உற்பத்தியாளர்கள் எல்லாரும் எதிர்த்தார்கள் என்று நினைக்கவும் கூடாது. தக்காளிக் கெட்சப் தயாரித்த ஹெய்ன்ஸ் நிறுவனம் சட்டத்தை ஆதரித்தது. பென்சோயேட் இல்லாமலே அதைக் கெடாமல் வைக்க முடியும் என்றும் காட்டியது. நேர்மையாகத் தொழில் செய்பவருக்குக் கலப்படக்காரர்தான் முதல் எதிரி என்பது அங்கே தெரிந்தது.

1906இன் தொடக்கத்தில் அப்டன் சின்கிளேரின் ‘தி ஜங்கிள்’ நாவல் வெளிவந்தது. சிகாகோ இறைச்சிக் கூடங்களின் அசுத்தத்தைப் படித்து நாடே கொதித்தது. அந்த ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, தூய உணவு மற்றும் மருந்துச் சட்டத்தில் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். கலப்படப் பொருளையும் பொய் லேபிள் ஒட்டிய பொருளையும் மாநில எல்லைகளைத் தாண்டி விற்பது குற்றமானது. மருந்துகளில் மதுசாரம், அபின், கொக்கேய்ன் போன்றவை இருந்தால் அதை லேபிளில் சொல்ல வேண்டியதாயிற்று. அமெரிக்கர்கள் இதை வைலி சட்டம் என்றே அழைத்தார்கள்.

சட்டம் வந்த பிறகு

கதை இங்கே முடிந்திருந்தால் இனிமையாக இருந்திருக்கும். ஆனால், சட்டத்தை நடைமுறைப்படுத்துவது அதை இயற்றுவதைவிடக் கடினமாக இருந்தது.

1908இன் தொடக்கத்தில் வெள்ளை மாளிகையில் ஒரு கூட்டம். பென்சோயேட்டைத் தடை செய்யக்கூடாது என்று உற்பத்தியாளர்கள் வாதிட்டார்கள். ரூஸ்வெல்ட் முதலில் வைலியின் பக்கமே சாய்ந்தார். பிறகு பேச்சு சாக்கரினுக்குத் திரும்பியது. கலனில் அடைத்த சோளத்துக்குச் சர்க்கரைக்குப் பதில் சாக்கரின் சேர்த்தால் செலவு மிச்சமாகிறது என்று ஒருவர் சொன்னார். அதிபர் கேட்பதற்கு முன்பே வைலி குறுக்கிட்டு, சாக்கரின் உடலுக்குக் கேடு என்றார். ரூஸ்வெல்டுக்கு அவருடைய மருத்துவர் தினமும் கொடுத்துவந்தது சாக்கரின்தான். அதைக் கேடு என்பவன் முட்டாள் என்று அதிபர் சீறினார். வைலியின் முடிவுகளை மறுஆய்வு செய்ய ஒரு நிபுணர் குழுவும் அமைந்தது. அதன் தலைவராக நியமிக்கப்பட்ட ஐரா ரெம்சனின் ஆய்வுக்கூடத்தில்தான் சாக்கரினே கண்டுபிடிக்கப்பட்டது. சிறிதளவு பென்சோயேட் தீங்கற்றது என்று 1909இல் அந்தக் குழு அறிவித்தது.

1911இல் இன்னொரு அடி. வெளி நிபுணர் ஒருவருக்கு விதிக்கு மீறிய ஊதியம் தர ஏற்பாடு செய்தார் என்று வைலி மீது குற்றம் சாட்டப்பட்டது. விசாரணைக்குப் பின் அதிபர் டாஃப்ட் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தார். இருந்தும், தம் அலுவலகத்தில் தம் கைகள் கட்டப்பட்டிருப்பதை வைலி உணர்ந்தார். 1912 மார்ச் 15ஆம் தேதி, 29 ஆண்டுப் பணிக்குப் பிறகு பதவி விலகினார்.

அதற்கு முந்திய ஆண்டில்தான், தமது 66ஆம் வயதில், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய ஆன்னா கெல்டனை மணந்திருந்தார். இரு மகன்கள் பிறந்தார்கள். பதவியை விட்டவர் பணியை விடவில்லை. ‘குட் ஹவுஸ்கீப்பிங்’ இதழின் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமையேற்று, அரசாங்கம் கேட்காததை இல்லத்தரசிகளிடம் சொன்னார். 1930ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, தமது 85ஆம் வயதில் காலமானார். சட்டம் கையெழுத்தாகி அன்று சரியாக 24 ஆண்டுகள். அவருடைய பிரிவிலிருந்து வளர்ந்த அமைப்பு, எஃப்.டி.ஏ. என்று இன்று உலகமே அறிந்த பெயரைப் பெற்றதும் அதே ஆண்டில்தான்.

அவர் சொன்னதெல்லாம் சரியா?

இல்லை. நச்சுப் படையில் இருந்தவர்கள் மிகச் சிலர். அனைவரும் இளம் ஆண்கள். அவர்கள் உண்ட அளவு, சாதாரண மனிதர் உண்பதைவிடப் பெரும்பாலும் அதிகம். எதை உண்கிறோம் என்று தெரிந்த பிறகு, வயிற்று வலியில் எவ்வளவு வேதிப்பொருளால், எவ்வளவு பயத்தால் என்று பிரித்தறிவதும் கடினம். இன்றைய ஆய்வு நெறிக் குழு எதுவும் இந்தச் சோதனைக்கு அனுமதி தராது. அவர் எதிர்த்த பென்சோயேட்டும் சாக்கரினும் இன்று அளவோடு அனுமதிக்கப்பட்டவை.

ஆனாலும், அவருடைய வாதத்தின் நடுவில் இருந்த கேள்வி பிழைத்து நின்றது. உணவில் ஒரு புதிய பொருளைச் சேர்த்தால் அது பாதுகாப்பானது என்று யார் நிரூபிக்க வேண்டும்? தீங்கை அரசாங்கம்தான் நிரூபிக்க வேண்டும் என்றது அன்றைய நடைமுறை. தீங்கு தெரியவரும் நாள்வரை பரிசோதனை எலிகளாக இருப்பவர்கள் பொதுமக்கள்தாம். வைலி இதைத் திருப்பிப் போட்டார். சேர்ப்பவரே நிரூபிக்க வேண்டும் என்றார். அமெரிக்கச் சட்டம் அந்த இடத்துக்கு வந்து சேர 1958 வரை ஆனது. அந்த ஆண்டுத் திருத்தம், புதிய சேர்பொருள் பாதுகாப்பானது என்பதைச் சந்தைக்கு வருமுன் தயாரிப்பாளரே காட்ட வேண்டும் என்றது. வைலி இறந்து 28 ஆண்டுகள் கழிந்திருந்தன.

நமக்கு அருகில்

நச்சுப் படை முதலில் உண்ட வெண்காரம் நமக்குத் தூரத்துப் பொருள் அன்று. மீயும் மீன் உருண்டையும் மெதுமெதுவென்று உறுதியாக இருக்கவும் சில நாள் கெடாமல் இருக்கவும் இவ்வட்டாரத்தில் அதைச் சேர்க்கும் பழக்கம் நெடுநாள் இருந்தது. சிங்கப்பூரில் உணவில் போரிக் அமிலத்துக்கு அனுமதி இல்லை; மலேசியாவிலும் தடைதான். 1988இல் பேராக் மாநிலத்தில் ஒருவகை மீயைச் சாப்பிட்ட 13 சிறுவர்கள் இறந்தார்கள். பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். போரிக் அமிலம் இருந்ததும் தெரியவந்தது.

2008இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால் மாவில் மெலமைன் கலந்திருந்தது உலகையே உலுக்கியது. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு குழந்தைகள் இறந்தார்கள். பாலின் புரதத்தைக் கணக்கிடும் வழக்கமான சோதனை உண்மையில் அளப்பது நைட்ரஜனை. மெலமைனில் நைட்ரஜன் நிறைய உண்டு. தண்ணீர் கலந்த பாலில் அதைச் சேர்த்தால் சோதனைக்குப் புரதம் போதுமானதாகத் தெரியும். யோசித்துப் பாருங்கள்: அந்தக் கலப்படத்தைச் செய்தவர்களுக்கு வேதியியல் தெரிந்திருந்தது. சோதனை எப்படி நடக்கும் என்பதைப் படித்துவிட்டு அதற்கேற்ப ஏமாற்றினார்கள்.

வேதியியல் மாணவி என்ற முறையில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். பாலில் ஃபார்மால்டிஹைட் சேர்க்கலாம் என்று சொல்லிக்கொடுத்ததும் வேதியியல்தான். அதைக் கண்டுபிடித்ததும் வேதியியல்தான். படித்த பாடம் ஒன்றே. அதைக் கொண்டு யாருக்காக வேலை செய்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. வைலி சம்பளம் வாங்கியது அரசாங்கத்திடம். வேலை செய்தது, எதைத் தின்கிறோம் என்று அறிய வழியில்லாத மக்களுக்காக.

நம்மில் பலர் நாளை உணவு அறிவியல், மருந்தியல், சட்டம், வணிகம் என்று வெவ்வேறு துறைகளுக்குப் போவோம். சிலர் ஆய்வுக்கூடத்தில் முடிவைக் குறிப்போம். சிலர் தொழிற்சாலையில் செலவைக் குறைக்கும் வழியைத் தேடுவோம். எந்த இருக்கையில் அமர்ந்தாலும் வைலியின் கேள்வி நம் முன்னே வரும்: இதைச் சேர்க்கலாம் என்றால், சாப்பிடப்போகிறவருக்கு அதைச் சொல்ல ஏன் தயங்குகிறோம்?